330 என்ற எண்: சிட்ரிக் அமிலம் உணவில் என்ன செய்கிறது?

பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிப்பது நல்ல பழக்கம். ஆனால் அங்கே கண்ணில் படுகிற 'அமிலச் சீராக்கி (330)' என்ற வரிக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். புற்றுநோய் வரும் என்று ஒரு பக்கம் எச்சரிக்கை சுற்றுகிறது. எலுமிச்சையில் இருப்பதுதானே, வைட்டமின் சி கிடைக்கும் என்று இன்னொரு பக்கம் ஆறுதல். வயிற்று அசிடிட்டியைக் குறைக்கும் பொருள் என்று நினைப்பவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. இந்தப் பொருளில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நம் பல்லைப் பற்றியது. வதந்திகளின் இரைச்சலில் அது யார் காதிலும் விழாமல் போகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

330 என்பது சிட்ரிக் அமிலம். முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம்.

எண் எதற்காக?

உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பொருள்களுக்குச் சர்வதேச அளவில் ஒரு பொது எண் வரிசை உண்டு. எந்த மொழியில் அச்சிட்டாலும் பொருள் எதுவென்று குழப்பம் வரக்கூடாது என்பதே நோக்கம். ஐரோப்பாவில் அதே எண்ணுக்கு முன்னால் 'இ' சேர்த்து இ330 என்று எழுதுவார்கள். எண் இருப்பதாலேயே ஒரு பொருள் செயற்கையானது என்றோ ஆபத்தானது என்றோ ஆகிவிடாது. வைட்டமின் சிக்கு எண் 300. பழங்களில் இருக்கும் பெக்டினுக்கு 440. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கும்கூட 948 என்று ஓர் எண் இருக்கிறது.

சீராக்குவது என்றால் என்ன?

ஒரு திரவம் எவ்வளவு அமிலமானது என்பதை அதில் தனியாக உலவும் ஹைட்ரஜன் அயனிகள் தீர்மானிக்கின்றன. அயனி என்றால் மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம். இந்த ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைச் சொல்லும் அளவுகோல்தான் பிஎச். சுத்தமான தண்ணீரின் பிஎச் 7. எண் குறையக் குறைய அமிலம் கூடும். அதுவும் சாதாரணமாகக் கூடாது: ஒரு படி இறங்கினால் 10 மடங்கு. அதாவது பிஎச் 3 உள்ள ஒரு பானத்தில், தண்ணீரில் இருப்பதைவிட 10,000 மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2க்கும் 3க்கும் இடையில்.

சிட்ரிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் அயனிகளை விட்டுக்கொடுக்க முடியும். ஆனால் மூன்றையும் ஒரேயடியாக விடாது. சுற்றியிருக்கும் திரவத்தின் நிலையைப் பொறுத்து ஒவ்வொன்றாக விடும். தேவைப்பட்டால் திரும்ப வாங்கியும் கொள்ளும். இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்லாப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் சில்லறையும் நோட்டும் கலந்து இருக்கிறது. ஒருவர் நோட்டை நீட்டிச் சில்லறை கேட்டால் கொடுக்கலாம். இன்னொருவர் சில்லறையைக் கொட்டி நோட்டு கேட்டால் அதையும் கொடுக்கலாம். இரண்டும் கையிருப்பில் இருக்கும்வரை யார் வந்தாலும் சமாளித்துவிடலாம். வெறும் சில்லறை மட்டும் இருந்தால் கொடுக்கத்தான் முடியும், மாற்றித் தர முடியாது.

இங்கே சில்லறை என்பது ஹைட்ரஜன் அயனி. சிட்ரிக் அமிலம் அதைக் கொடுக்கும் பக்கம். சிட்ரிக் அமிலத்தின் உப்பான சோடியம் சிட்ரேட் வாங்கிக்கொள்ளும் பக்கம். அதனால்தான் பல பாக்கெட்டுகளில் 330க்குப் பக்கத்தில் 331ஐயும் பார்க்கிறோம். 331 சோடியம் சிட்ரேட்டின் எண். இரண்டும் சேர்ந்து இருக்கும் திரவத்தில் கொஞ்சம் அமிலமோ அதற்கு எதிர்த்தன்மை கொண்ட காரமோ வந்து விழுந்தாலும் பிஎச் பெரிதாக அசையாது. இப்படிப்பட்ட கலவைக்குத் தாங்கல் கரைசல் என்று பெயர். அமிலச் சீராக்கி என்ற சொல்லின் பொருள் இதுதான்: உணவின் பிஎச்சை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தி வைக்கும் பொருள். சீராக்கப்படுவது பாக்கெட்டுக்குள் இருக்கும் உணவு. நம் வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இதுவரை பார்த்தது: 330 ஓர் அடையாள எண். பிஎச் என்பது அமில அளவு. ஒரு படி இறங்கினால் 10 மடங்கு கூடும். சிட்ரிக் அமிலமும் அதன் உப்பும் சேர்ந்து அந்த அளவை நிலையாக வைக்கின்றன.

உணவில் இதை ஏன் சேர்க்கிறார்கள்?

புளிப்புக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். வினிகரைப் போல மூக்கில் ஏறும் வாசனை இதற்குக் கிடையாது, தண்ணீரில் சட்டென்று கரையும், பழச்சுவையோடு ஒத்துப்போகும். பானங்களிலும் மிட்டாய்களிலும் இது முதலிடம் பிடித்ததற்கு இவ்வளவு போதும்.

ஆனால் புளிப்பைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. 'கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்ற பாக்டீரியா, காற்றுப் புகாமல் மூடி வைத்த உணவில் வளரக்கூடியது. அது உண்டாக்கும் நச்சு நரம்புகளைச் செயலிழக்க வைத்து ஆளையே கொல்லும். அதன் வித்துகள், அதாவது கெட்டியான உறை போர்த்தி உறங்கும் வடிவம், 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீரையும் தாக்குப்பிடிக்கும். ஆக, கொதிக்க வைத்தோம், மூடினோம், பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிஎச் 4.6க்குக் கீழே போய்விட்டால் அந்த வித்துகளால் முளைத்து வளர முடியாது. உணவைப் பதப்படுத்துபவர்கள் இந்த 4.6 என்ற எண்ணைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது இதனால்தான்.

தக்காளி இந்தக் கோட்டின் மேல் நிற்கும் காய். ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அதன் பிஎச் 4.6க்குக் கீழேயும் இருக்கலாம், சற்று மேலேயும் போகலாம். நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் ஜாடியில் அடைத்துப் பதப்படுத்துபவர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜாடிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம். எலுமிச்சைச் சாறுதான் சேர்ப்பேன் என்றால், கடையில் பாட்டிலில் விற்கும் சாற்றைச் சேர்க்கச் சொல்கிறது, பழத்தைப் பிழிந்ததை அல்ல. பழத்துக்குப் பழம் அமில அளவு மாறும். பாட்டில் சாற்றில் அது ஒரே அளவாக இருக்கும். இயற்கையானது என்றால் எப்போதும் பாதுகாப்பு அதிகம் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இங்கே உயிரைக் காப்பது அளவு மாறாமல் இருப்பதுதான்.

அடுத்த வேலை, உலோகங்களைப் பிடித்து வைப்பது. எண்ணெயில் மிக நுண்ணிய அளவில் இரும்போ செம்போ கலந்திருந்தாலும் அது சீக்கிரம் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். சிட்ரிக் அமிலம் அந்த உலோக அயனிகளைப் பல பக்கமிருந்தும் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் அவற்றால் வினையில் இறங்க முடிவதில்லை. வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் தேவைப்படும். வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதைத் தடுப்பதிலும் இதற்குப் பங்குண்டு. பழுப்பாக்கும் நொதிக்குச் செம்பு தேவை, அமிலமும் ஆகாது. நொதி என்பது உயிருள்ள செல்களில் வினைகளை வேகப்படுத்தும் புரதம்.

பாலாடைக்கட்டியை உருக்கும்போது எண்ணெய் தனியாகப் பிரியாமல் வழவழப்பாக வருவதற்கும் கொடுக்கிணைப்புதான் காரணம். அங்கே வேலை செய்வது சோடியம் சிட்ரேட். பால் புரதங்களை இறுக்கிக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தை அது பிடித்துக்கொள்கிறது. இதே சோடியம் சிட்ரேட்டை, தானமாகப் பெறும் ரத்தம் உறையாமல் இருக்க 1914 முதல் பயன்படுத்தி வருகிறார்கள். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டால் உறையாது. ஜாம் கெட்டியாவது, தண்ணீரில் போட்ட மாத்திரை நுரைத்துப் பொங்குவது என்று இன்னும் பல இடங்களில் இந்த அமிலம் இருக்கிறது. அடிப்படை இந்த இரண்டு வேலைகள்தான்: பிஎச்சை மாற்றுவது, உலோக அயனியைப் பிடிப்பது.

எலுமிச்சையிலிருந்து எடுப்பதில்லையா?

ஒரு காலத்தில் எடுத்தார்கள். 1784இல் சுவீடனில் வாழ்ந்த வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது இத்தாலிய எலுமிச்சையை நம்பி நடந்த தொழில். 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர், 'அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்' என்ற கருநிறப் பூஞ்சையின் சில வகைகள் சர்க்கரையைத் தின்று ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் உண்டாக்குவதைக் காட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1919இல், ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் தயாரிப்பைத் தொடங்கிவிட்டது. இன்று உலகம் முழுவதும் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. கிட்டத்தட்ட எல்லாமே பூஞ்சை வழிதான்.

பூஞ்சை என்றதும் பலருக்கு முகம் சுளிக்கும். அது இயல்புதான். ஆனால் பூஞ்சையை அப்படியே பாக்கெட்டில் போடுவதில்லை. நொதித்தல், அதாவது நுண்ணுயிர் சர்க்கரையை வேறு பொருளாக மாற்றும் வேலை, முடிந்ததும் பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதித் திரவத்தில் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் அடியில் படியும். அதைக் கழுவி, கந்தக அமிலத்தால் பிரித்து, மறுபடி படிகமாக்குவார்கள். ஷீலே எலுமிச்சைச் சாற்றில் செய்ததும் ஏறக்குறைய இதேதான். உணவுத் தரச் சிட்ரிக் அமிலம் 99.5 சதவீதத்துக்குக் குறையாத தூய்மையோடு இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பழத்திலிருந்து வந்தாலும் பூஞ்சையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. உடலால் வித்தியாசம் காண முடியாது.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தயாரித்த சிட்ரிக் அமிலம் சேர்ந்த உணவைச் சாப்பிட்டபின் தங்களுக்கு மூட்டு வலி, மூச்சுத் திணறல் போன்ற தொல்லைகள் வந்ததாகச் சொன்ன நான்கு பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. பூஞ்சையின் எச்சங்கள் காரணமாக இருக்குமோ என்று அது கேள்வி எழுப்பியது. கேள்வி நியாயமானது. ஆனால் நான்கு பேரின் அனுபவத்தை வைத்து ஒரு பொருள்தான் காரணம் என்று நிறுவ முடியாது. அந்தக் கட்டுரையும் மேலும் ஆராய வேண்டும் என்றுதான் கேட்டது. உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட உணவு திரும்பத் திரும்பத் தொல்லை தந்தால் அதைத் தவிர்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஆபத்து என்று அதை நீட்டிவிடக் கூடாது.

புற்றுநோய் வதந்தி எங்கிருந்து வந்தது?

நம் உடலின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் சிட்ரிக் அமிலம் உண்டாகி, உடனே அடுத்த பொருளாக மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தொடர் வினைக்குச் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று பெயர். 1937இல் இதை விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயராலேயே கிரெப்ஸ் சுழற்சி என்றும் சொல்வார்கள்.

1970களில் பிரான்சில் ஒரு துண்டுச்சீட்டு கைக்குக் கை பரவியது. வில்ஜுயிஃப் என்ற ஊரின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சீட்டு, உணவுச் சேர்க்கைகளிலேயே மிக ஆபத்தானது இ330 என்றது. மருத்துவமனை மறுத்தது. ஆனாலும் சீட்டு நிற்கவில்லை; நகல் எடுத்து நகல் எடுத்து எல்லை தாண்டிப் போனது. சிட்ரிக் அமிலம் ஏன் அதில் மாட்டியது? ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய். யாரோ 'கிரெப்ஸ் சுழற்சி' என்று படித்துவிட்டு ஒரு மனிதரின் பெயரை நோயின் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, இன்றும் அதே செய்தி செல்போன்களில் வருகிறது. அதைப் படித்துப் பயந்து குழந்தையின் உணவைத் தூக்கிப் போடும் பெற்றோரை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, சிட்ரிக் அமிலத்துக்குத் தினசரி உச்சவரம்பு எண் எதையும் வைக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிச் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உணவில் தேவைக்குச் சேர்க்கும் அளவில் உடலுக்குக் கேடு தெரியவில்லை, ஆகவே எண் வைக்கத் தேவையில்லை என்றே பொருள்.

சுருக்கமாக: இது இன்று பூஞ்சையின் உதவியால் தயாராகி, சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. உடலுக்கு இது அந்நியமான பொருள் கிடையாது. புற்றுநோய்ச் செய்திக்கு ஆதாரம் இல்லை.

பல்: உண்மையான கவலை

விழுங்கிய பிறகு சிட்ரிக் அமிலத்தை உடல் எளிதாகச் சமாளிக்கும். விழுங்குவதற்கு முன்னால்தான் சிக்கல். பல்லின் வெளிப்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். வாயின் பிஎச் ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். புளிப்பான பானங்கள் பலவற்றின் பிஎச் 3ஐ ஒட்டி இருக்கிறது. போதாததற்கு, முன்பு சொன்ன கொடுக்கிணைப்பு இங்கேயும் நடக்கிறது: அமிலம் கனிமத்தைக் கரைக்க, சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பல் அரிப்பைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். இது பாக்டீரியாவால் வரும் சொத்தை இல்லை. அமிலம் நேரடியாகப் பல்லைக் கரைப்பது. கரைந்து போன எனாமல் திரும்ப வளராது.

இதில் ஏமாற்றுவது இனிப்பு. சர்க்கரை சேர்த்தால் நாக்குக்குப் புளிப்பு குறைந்தது போலத் தெரியும். ஆனால் பிஎச் அப்படியே இருக்கும். நாக்கு ஏமாந்தாலும் பல் ஏமாறாது. சர்க்கரை இல்லாத பானம் என்று எழுதியிருந்தாலும் அமிலம் இருந்தால் அரிப்பு உண்டு. தாங்கல் கரைசலும் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது: உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கப் பார்க்கும், கையிருப்பில் அமிலம் நிறைய உள்ள பானமோ விட்டுக்கொடுக்காது.

எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல் நனைந்தது என்பதுதான் முக்கியம். ஒரு குவளைப் பானத்தைச் சாப்பாட்டோடு குடித்து முடித்தால் உமிழ்நீர் சீக்கிரம் நிலைமையைச் சரிசெய்துவிடும். அதே குவளையை மதியம் முழுக்க வாய் வாயாக உறிஞ்சிக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு அவகாசமே கிடைக்காது. குழந்தைகளுக்குப் படுக்கையில் புட்டியில் இப்படிப்பட்ட பானத்தைக் கொடுப்பது இன்னும் மோசம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். மேலே புளிப்புத் தூள் தடவிய மிட்டாயை வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்வதும் அப்படித்தான், நாக்கும் கன்னமும் புண்ணாகும். குடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். அமிலத்தால் இளகிய எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும், அரை மணி நேரமாவது பொறுங்கள். எலுமிச்சைச் சாற்றுக்கும் இதெல்லாம் பொருந்தும். அதில் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம் இருக்கிறது.

இன்னும் சில குழப்பங்கள்

வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம். ஒரே பழத்தில் இரண்டும் இருப்பதால் ஒன்றாகிவிடாது. 330 சேர்த்த பானத்தில் வைட்டமின் சி சொட்டும் இல்லாமல் இருக்கலாம்.

இரைப்பையின் சொந்த அமிலம் இதைவிட வலுவானது என்பதால் ஆரோக்கியமான வயிற்றுக்கு இது பொருட்டல்ல. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புளிப்புப் பானங்கள் தொல்லையைக் கூட்டலாம். அவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

கால்சியத்தைப் பிடிக்கும் என்றால் எலும்பு கரையுமா? உணவில் சேரும் அளவில் அப்படி நடப்பதில்லை. கால்சியம் சிட்ரேட் என்பதையே கால்சியம் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், உடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சில வகைச் சிறுநீரகக் கற்கள் உருவாவது குறையும். அதற்காக மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட் எழுதிக் கொடுப்பதுண்டு. அது அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து. குளிர்பானம் அதற்கு மாற்றாகாது.

கடைசியாக, வீட்டில் தூளாக வாங்கி வைத்திருப்பவர்களுக்கு. தூய சிட்ரிக் அமிலம் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சர்க்கரை, உப்பு போலவே வெள்ளையாக இருப்பதால் டப்பாவில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கெட்டிலில் படியும் உப்புக்கறையை இது அருமையாக நீக்கும், ஆனால் பளிங்குக் கல்லில் சிந்தினால் கல்லை அரித்துவிடும். குளோரின் உள்ள பிளீச்சிங் திரவத்தோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலைப் பாதிக்கும் குளோரின் வாயு வரும். குளியலறையில் ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காற்றோட்டம் விட்டு, இன்னொரு நாள் மற்றதைப் பயன்படுத்துங்கள்.